மருந்து என்றொரு பொய்ப்பெயர்

தமிழில் 'மருந்து' என்ற சொல்லை நம்பி எதையும் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. காய்ச்சலைத் தணிப்பதும் மருந்து, கத்தரிச் செடியில் பூச்சியைக் கொல்வதும் மருந்து, கிணறு வெட்டும்போது பாறையைப் பிளப்பதும் மருந்துதான். 'அவ மருந்தக் குடிச்சிட்டா' என்று தெருவில் குரல் கேட்டால் என்ன நோய்க்கு என்று யாரும் விசாரிப்பதில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடந்தால் 'மருந்து வச்சிட்டா' என்பார்கள். அந்த இடுமருந்தை எடுப்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் இந்தச் சொல்லின் பொருள்விரிவை ஒரு மணி நேரம் வகுப்பில் ரசித்துச் சொல்ல எனக்குத் தெரியும். இங்கே ரசிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு தொழிலின் கொடுமை இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த துணி செக்கிங்குக்கு வரும். மெஷின் எண்ணெய் சொட்டியிருக்கும், சாக்பீஸ் கோடு இருக்கும், யாரோ ஒருத்தியின் விரல் அழுக்கு பட்டிருக்கும். கறை உள்ள உருப்படிகளைத் தனியே எடுத்து ஒரு மேசைக்கு அனுப்புவார்கள். அந்த மேசையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி இருக்கும், கன் என்பார்கள். அதன் குப்பியில் கரைப்பானை ஊற்றி, விசையை அழுத்தினால் ஊசி போல் பீய்ச்சும். கறையின் மேல் விடாமல் பீய்ச்ச வேண்டும். எண்ணெய் கரைந்து விலகும். துணி சில நொடிகளில் காய்ந்துவிடும். காய்ந்துபோன திரவம் எங்கே போனது என்று மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பதில்லை. அவர்களுடைய மூக்குக்குத்தான் போயிற்று.

என்னிடம் இரண்டாம் ஆண்டு வரை படித்த பெண் ஒருத்தி. ஆலங்குடிப் பக்கம். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனாள். மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என் கையைப் பிடித்தபோது அவள் உள்ளங்கை உப்புத்தாள் போல இருந்தது. விரல் இடுக்குகளில் வெடிப்பு.

"என்னம்மா கை இப்படி இருக்கு?"

"கறை எடுக்குற டேபிள்ல போட்டுட்டாங்கம்மா. மருந்து பட்டுப் பட்டு இப்படித்தான் ஆயிருச்சு."

"என்ன மருந்து?"

"வெள்ளைக் கேன்ல வரும்மா. பேரெல்லாம் இருக்காது. மருந்துன்னுதான் சொல்வாங்க."

மத்தியானத்துக்கு மேல் தலை கிறுகிறுக்கும், சாராயம் குடித்தவள் மாதிரி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்றாள். சூப்பர்வைசரிடம் சொன்னபோது, 'காலையில சாப்புடாம வந்திருப்ப' என்று பதில் வந்திருக்கிறது. தீட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் எழுந்துபோன பிறகுதான் சொன்னாள்.

கேனில் பெயர் இல்லாததால் அவளுடைய தலைச்சுற்றலுக்கும் பெயர் இல்லை. மருத்துவர் கேட்டால் எதைச் சொல்வாள்? நஷ்ட ஈடு என்று யாரிடமாவது போய் நின்றால் எதைக் காட்டுவாள்? பெயரை எடுத்துவிட்டால் குற்றமும் கூடவே போய்விடுகிறது. என் வழக்கு இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

அந்தக் கன்களில் உலகெங்கும் ஊற்றப்பட்டு வந்தவை எவை என்பது ரகசியமே இல்லை. அசிட்டோன், டைகுளோரோமீத்தேன், பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன். கடைசி இரண்டும் முதலாளிகளுக்கு மிகப் பிடித்தவை. காரணம், லேசில் தீப்பிடிக்காது. இந்தக் 'காரணத்தில்' கொஞ்சம் நில்லுங்கள். துணி எரிந்தால் நஷ்டம், கட்டடம் எரிந்தால் காப்பீட்டுச் சிக்கல். ஆகவே எரியாத திரவம் பாதுகாப்பான திரவம். அதை முகர்கிறவள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அதுவும் முழு உண்மையில்லை. டிரைகுளோரோஎத்திலீனின் ஆவி நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த உலோகத்திலோ பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு.

டிரைகுளோரோஎத்திலீன் நிறமற்றது. லேசான இனிப்பு வாடை. அதன் ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம். அதனால் மேலே எழுந்து போகாமல் மேசை மட்டத்திலும் தரையிலும் தேங்கும். கூரைக்குக் கீழே, கைக்கெட்டாத உயரத்தில் மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், தேங்கிய ஆவியை உறிஞ்சும்போது உட்கார்ந்திருப்பவளின் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கும். மேசையில் பின்பக்கமாகவோ கீழ்நோக்கியோ உறிஞ்சும் அமைப்பு இருந்தால் ஆவி அவள் மூக்குக்கு வருமுன்பே போய்விடும். அதற்குச் செலவாகும். துணி மாஸ்க் மலிவு. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் எல்லார் முகத்திலும் மாஸ்க் ஏறிவிடும். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவியைத் தடுக்க, செறிவூட்டிய கரி அடைத்த வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். அந்த வடிகட்டியையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். கையுறையிலும் இதே ஏமாற்று உண்டு. சாதாரண ரப்பர் கையுறைக்குள் இந்தக் கரைப்பான் சீக்கிரம் ஊறி இறங்கிவிடும். பிறகு கையுறையே அதைத் தோலோடு சேர்த்து வைத்துக் கட்டிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டிரைகுளோரோஎத்திலீனை முதல் வகுப்பில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று பொருள், குறிப்பாகச் சிறுநீரகத்தில். பெர்குளோரோஎத்திலீன் அதற்கு அடுத்த வகுப்பில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் டிரைகுளோரோஎத்திலீனை முற்றாக ஒழிப்பதற்கான விதியை வெளியிட்டது. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவோ, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு. அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் சங்கம் பரிந்துரைப்பது 10 பங்கு. அமெரிக்கக் கடையில் தொங்கும் டீ சர்ட்டில் ஒரு துளி கறை இருக்கக் கூடாது. அதை எடுத்தவளின் நுரையீரலுக்கு ஐந்து மடங்கு சலுகை. அந்த 50ஐயும் யார் அளந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

இந்தத் திரவத்துக்கும் பெண்களுக்கும் பழைய உறவு உண்டு. 'டிரைலீன்' என்ற பெயரில் இதையே பிரிட்டிஷ் பிரசவ அறைகளில் வலி தெரியாமல் இருக்கப் பெண்களின் மூக்கில் வைத்தார்கள். 1950களில் மருத்துவச்சிகளும் அதைக் கொடுக்க அனுமதி இருந்தது. 1977இல் அமெரிக்கா மயக்க மருந்தாக அதைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆக ஒரு காலத்தில் இது மெய்யாகவே மருந்தாக இருந்தது. மெஷினிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய அதே திரவம்.

கொழுப்பில் கரைவதுதான் இவற்றின் குணம். எண்ணெய்க் கறையைக் கரைப்பது அதனால்தான். உடம்பில் கொழுப்பு இருக்கும் இடங்களுக்குப் போய்ச் சேர்வதும் அதனால்தான். மூளை, கல்லீரல், தாய்ப்பால். 1977இல் கனடா மருத்துவ இதழில் ஒரு குழந்தையைப் பற்றிய குறிப்பு வந்தது. பிறந்து ஆறு வாரம், மஞ்சள் காமாலை. தாய் வேலைக்குப் போகிறவள்கூட இல்லை. உலர்சலவைக் கடையில் வேலை பார்த்த கணவனோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அவள் பாலில் பெர்குளோரோஎத்திலீன் இருந்தது. பால் கொடுப்பதை நிறுத்தியதும் குழந்தை தேறியது. சோறு கொண்டுபோனவள் கதையே இது என்றால், பத்து மணி நேரம் கன் பிடிப்பவளின் கதையை யோசித்துப் பாருங்கள்.

'அப்படியென்றால் பெண்களை அந்த வேலையில் வைக்காதீர்கள்' என்று உடனே ஒரு கருணைக் குரல் எழும். இந்தக் கருணையை நான் வெறுக்கிறேன். தொழிற்சாலைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, ஆபத்தான வேலைகளில் பெண்களை அமர்த்துவதைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. விஷத்தை வெளியேற்றச் சொல்வதைவிடப் பெண்ணை வெளியேற்றச் சொல்வது எளிது. அமெரிக்காவில் அன்று பேட்டரி தயாரித்த ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனம், பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஈயம் புழங்கும் வேலையிலிருந்து விலக்கி வைத்தது, கர்ப்பத்தைக் காக்கிறார்களாம். 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும் என்பதை அந்தக் காவலர்கள் வசதியாக மறந்திருந்தார்கள்.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 1995இல் யாங்சான் நகரில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை. ஓசோன் படலத்தைக் காப்பதற்காக ஒரு பழைய கரைப்பானைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக 2-புரோமோபுரோப்பேன் அடங்கிய புதிய கரைப்பானைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவில் இருந்த 25 பெண்களில் பெரும்பாலோருக்கு மாதவிலக்கு நின்றுபோனது. இளம்பெண்கள், கருப்பை அல்ல, கருமுட்டைப் பையே செயலிழந்திருந்தது. கூட வேலை செய்த எட்டு ஆண்களைப் பரிசோதித்தபோது அவர்களிலும் பெரும்பாலோருக்கு விந்தணு குறைந்திருந்தது. பெண்களின் தீட்டு நின்றது வெளியே தெரிந்ததால்தான் ஆண்களுக்கு நடந்ததும் தெரியவந்தது. உலகத்தில் முதல்முறையாக இந்தத் திரவத்தின் இந்தக் குணத்தை அந்தப் பெண்களின் உடம்புதான் கண்டுபிடித்துச் சொன்னது. ஆய்வுக்கூட எலிகளில் பிறகுதான் சோதித்தார்கள்.

என் மாணவி பந்தியில் தாழ்ந்த குரலில் சொன்ன அந்த இரண்டு மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்று இப்போது புரியும். ஆனால் நம் ஊரில் தீட்டைப் பற்றி ஒரு பெண் சூப்பர்வைசரிடம் வாய் திறந்தால் கிடைப்பது விசாரணை அல்ல, மாத்திரை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலாளிகள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்றால் வேலை இடத்திலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். அட்டையில் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, கொடுப்பவர் மருத்துவரும் இல்லை. கேனிலும் பெயர் இல்லை, மாத்திரையிலும் பெயர் இல்லை, இரண்டுக்கும் 'மருந்து' என்றே பெயர். சட்டையில் கறை படக் கூடாது என்று இவ்வளவு பதறுகிற தொழில் தன் தொழிலாளிகளின் கறையை மட்டும் மாத்திரை போட்டு மறைத்துவிடுகிறது.

மருத்துவர்களையும் விட்டுவிட முடியாது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் என்று நாங்கள் பெருமை பேசுகிற மாவட்டம் இது. இங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு இளம்பெண் தலைச்சுற்றலோடு போய் நின்றால் முதல் கேள்வி 'கல்யாணம் ஆயிருச்சா?' இரண்டாவது 'நாள் தள்ளிப்போயிருக்கா?' மூன்றாவது கேள்வி வருவதற்குள் இரும்புச்சத்து மாத்திரை எழுதப்பட்டுவிடும். இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னார். வண்ணாத்திகளையும் மருத்துவச்சிகளையும் பற்றித் தனி அத்தியாயங்கள் அந்நூலில் உண்டு. முந்நூறு வருடம் தாண்டியும் அந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. போபாலில் 1984இல் ஊரே செத்த பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்துகளைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும், அவர்களின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்றெல்லாம் புதிய பிரிவுகள் வந்தன. ஆனால் அவை 'அபாயகரமான செயல்முறை' கொண்ட தொழில்களுக்கு. அதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது: 29 இனங்கள். சிமெண்ட் உண்டு, உரம் உண்டு, சாயம் உண்டு, தோல் பதனிடுதல் உண்டு. துணி தைக்கும் தொழில் அதில் இல்லை. பட்டியல் போட்டவர்களின் கண்ணுக்குப் புகைபோக்கிதான் ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. வரிசையாக உட்கார்ந்து தைக்கும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்திருக்கிறார்கள். அபாயகரமான வேதிப்பொருள் உள்ள ஒவ்வொரு கொள்கலத்திலும் உள்ளே இருப்பது என்ன, செய்தவர் யார், அதன் நச்சுத்தன்மை என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் சொல்கின்றன. பெரிய பீப்பாயில் வருகிறபோது எழுத்து இருக்கும். அதிலிருந்து வெள்ளைக் கேனுக்கு ஊற்றும்போதுதான் எழுத்து காணாமல் போகிறது. வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சேர்வது வெள்ளைக் கேன்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துக்காரியாக எனக்கு வரும் கோபம் தனி. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் பள்ளிச் சிறுமி. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல் உடைக்கிறவர்களும் களை எடுக்கிறவர்களும் ராத்திரி விளக்கடியில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பி.சாய்நாத் எழுதினார். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள். பஸ் பலகையைப் படிக்கத் தெரிந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அன்று எங்கள் தெருப் பெண்கள் எழுத்துக்கு வைத்திருந்த விலை. அவர்களுடைய மகள்களும் பேத்திகளும்தான் இன்று திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்கள். என் மாணவி போலக் கல்லூரி வாசல் தாண்டியவர்களும் உண்டு. அவர்களுக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் முன்னால் எழுத்தில்லாத கேனை வைப்பதென்றால், அறிவொளி கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வது என்றுதான் அர்த்தம்.

நம் எழுத்துலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்க் கவிதையில் பெண்ணுடல் இருபது வருடத்துக்கு மேலாகப் பேசப்படுகிறது. முலையை எழுதியதற்கு வசவு வாங்கினோம். எழுதியதும் சரி, வசவை எதிர்த்து நின்றதும் சரி. நானும் அந்தக் கவிதைகளில்தான் வளர்ந்தேன். ஆனால் உடலரசியல் கருத்தரங்குகளில் கல்லீரல் வருவதில்லை. சிறுநீரகம் வருவதில்லை. காமம் உள்ள உடம்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மேடை, கூலிக்குப் போகிற உடம்பு என்றதும் அதைத் தொழிற்சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று கையைக் கழுவுகிறது. தொழிற்சங்கத்தார் பேசுவது கூலியையும் போனஸையும். தீட்டு என்றதும் அது மாதர் விவகாரம் என்கிறார்கள். இந்த இரண்டு மேடைக்கும் நடுவில்தான் அந்த வெள்ளைக் கேன் நிற்கிறது.

கறை எடுப்பதற்கு வழியே இல்லையா என்றால், மெஷின் எண்ணெய் ஒழுகாமல் பராமரித்தால் பாதிக் கறை விழவே விழாது. புதிதாக விழுந்த எண்ணெய் பலவற்றைச் சோப்புத் தண்ணீரே எடுத்துவிடும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், காயவைக்க வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாமல்தான் கன் வந்தது. கன் இல்லாமல் முடியாது என்றால் உறிஞ்சும் மேசை, மூடி போட்ட கேன், சரியான கவசம், சாப்பாட்டு இடத்துக்கும் அந்த மேசைக்கும் நடுவே ஒரு சுவர். பழைய கரைப்பானை மாற்றிவிட்டோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும். யாங்சானிலும் மாற்றத்தான் செய்தார்கள்.

இதைப் படிக்கிற மாணவிகளின் வீடுகளில் ஒரு அக்காவோ சித்தியோ மதினியோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்பதோடு இதையும் கேளுங்கள்: நீ பிழங்குற கேனில் என்ன எழுதியிருக்கிறது? எழுதியிருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் பீப்பாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பீப்பாயும் கிடைக்காதென்றால், கம்பெனி அதை வாங்கிய பில் ஒன்று அலுவலக அறையில் இருக்கிறது. சரக்குக் கணக்குக்காக அதில் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும், கூடவே ஒரு எண்ணும். டிரைகுளோரோஎத்திலீன் என்றால் 290322, பெர்குளோரோஎத்திலீன் என்றால் 290323. வரி வாங்குகிறவருக்குத் தெரிந்த பெயர் அது.